முதல் தாள் இல்லாத தையல் புத்தகம்

பிரஸ்காரர் தையல் டீச்சருக்குப் பதிமூவாயிரத்து அறுநூறு கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதில்லை, நகையை வைத்து வாங்கியதுமில்லை. டீச்சர் கையிலிருந்து ஒரு காசுகூட வாங்காமலே தலையில் ஏறிய கடன். உலகத்தில் இப்படியும் ஒரு கடன் உண்டா என்று அவரே வாயைப் பிளந்தவர்தான். இன்றைக்குக் கேட்டால், பட்ட கடன்களிலேயே தன்னை மனிதனாக்கிய கடன் அது ஒன்றுதான் என்பார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஓர் அச்சகத்தில் தரை கூட்டச் சேர்ந்தவர். கூட்டினார், ரோலர் துடைத்தார், காகிதம் அடுக்கினார், மை கலந்தார். முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு பழைய ஆஃப்செட் மிஷின் வாங்கினார். வாங்கிய அன்றே அதன் நட்டு போல்ட்டை ஒன்றுவிடாமல் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினார். கடைசியில் நான்கு போல்ட் மிச்சம். அந்த நான்கும் இல்லாமலே மிஷின் முன்னைவிட நன்றாக ஓடியது. இதைப் பார்க்க மிஷின் விற்றவனே வந்துபோனான். படித்த இன்ஜினியர் எவனாவது இதைச் செய்திருப்பானா?

அச்சகம் ஒரே நீள அறை. வாசல் பக்கம் மிஷின், நடுவில் காகிதம் வெட்டும் கட்டர், கடைசியில் பைண்டிங் மேசை. எந்நேரமும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. சுவரில் ஒரு பலகை: ‘ஆறு மாதத்துக்குள் திரும்பப் பெறாத பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ எழுதியது அப்படித்தான். ஆனால் அவர் அகராதியில், பொறுப்பு இல்லையென்றால் சொந்தம் என்று அர்த்தம். பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களின் நோட்டுகளை ஆறு மாதம் வைத்திருந்து எடைக்குப் போட்டுவிடுவார். எந்த அச்சகத்திலும் உள்ள வழக்கம்தான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அப்படி எட்டு மாதமாகக் கிடந்த ஒரு நோட்டு ஒருநாள் எடைக்கட்டில் ஏறப்போகும்போது அவர் கையில் அகப்பட்டது. தொண்ணூற்றாறு பக்கம். முதல் தாள் எப்போதோ கழன்று எங்கோ போயிருந்தது. மற்ற பக்கமெல்லாம் சட்டை, பாவாடை, ரவிக்கை, குழந்தை உடுப்பு என்று அளவும் வெட்டுமாகக் கோட்டுப் படங்கள்; பக்கத்திலேயே மணிமணியான கையெழுத்தில் விளக்கம். பெயர் இல்லை, ஊர் இல்லை.

பிரஸ்காரருக்கு மூக்கில் வியர்த்தது. மலிவு விலையில் ஒரு தையல் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. எழுதினவர் யாரென்று தெரியவில்லை; எட்டு மாதமாகக் கேட்க நாதியில்லை. பக்கங்களை அப்படியே படமெடுத்து, பிளேட் போட்டு, ஐயாயிரம் பிரதி ஓட்டினார். ‘முப்பது நாளில் தையல்’ என்று தலைப்பு வைத்தார். பின்னட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தன் படத்தைப் போட்டு, கீழே ‘பதிப்பாசிரியர்’ என்று பட்டமும் கொடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏங்க, ஊசியில நூல் கோக்கத் தெரியாத மனுஷன் தையல் புத்தகம் போட்டா, படிக்கிறவன் கதி என்னாகும்?”

“நான் வாங்கின பேப்பர், நான் கலக்கின மை, நான் ஓட்டின மிஷின். இதுக்கு மேல ஒரு புத்தகத்துக்கு என்ன வேணும்?”

“உள்ள இருக்கிற விஷயம் வேணும்.”

“அது கட்டோட கிடந்ததுதானே!”

நாற்பதுக்கு ஒரு பிரதி. பேருந்து நிலையக் கடைகளில் சுடச்சுட ஓடியது. ஏழே மாதத்தில் மூவாயிரத்து நானூறு பிரதிகள் விற்றன. வந்த லாபத்தை அப்படியே முன்பணமாகக் கட்டி, புதிய கட்டர் ஒன்றைத் தவணையில் இறக்கினார். ஒரே அமுக்கில் ஐந்நூறு தாள் வெட்டும். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வெட்டிக் காட்டினார்.

பிறகுதான் சனி பிடித்தது.

முதலில் கடிதம் வந்தது. பிறகு ஆட்களே வந்தார்கள். ஒருநாள் வாசலில் மூன்று பேர், மூவரும் புதுச்சட்டையில். மூவருக்கும் பை வலப்பக்கம். பொத்தான் வரிசை ஆண்பிள்ளைச் சட்டைக்கு எப்படி வரக்கூடாதோ அப்படி வந்திருந்தது.

“பதிப்பாசிரியர் யாருங்க இங்க?” என்றார் ஒருவர், பின்னட்டையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து. “என் பொண்டாட்டி சட்டையைப் போட்டுட்டு வந்த மாதிரி ஊரே சிரிக்குது. துணிக்காசை யாரு தருவா?”

சமாளித்து அனுப்பினார். வந்த கடிதங்களைப் படிக்கப் பொறுமையில்லாமல் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டார். சந்தேகம் தீர, புத்தகத்தைப் பார்த்துத் தனக்கொரு சட்டை தைக்கும்படி மனைவியிடம் சொன்னார். அவரும் வரிக்கு வரி பார்த்துத் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் அதே கோளாறு. பேனாவை வைக்கக் கை இடப்பக்கம் போனது. பை வலப்பக்கம் சிரித்தது.

அந்த வாரமே, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். பிரசவத்துக்குப் போனவள், இப்போதுதான் திரும்பியிருக்கிறாளாம். “அண்ணே, ஒரு நோட்டு பைண்டிங்குக்குக் குடுத்திருந்தேன். ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்கங்க.” சொல்லிக்கொண்டே மேசை மேல் இருந்த புத்தகத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது எங்க டீச்சர் போட்ட கோடு! அவங்க கையெழுத்து!”

“உங்க டீச்சரா?” பிரஸ்காரர் துள்ளி எழுந்தார். “அந்தம்மா எங்கே இருக்காங்க? தப்புத் தப்பா எழுதி வச்சு என் மானத்தையே வாங்கிட்டாங்க! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேக்காம விடமாட்டேன்!”

திருடன், களவு கொடுத்தவர் வீட்டுக்கே போய், ‘உன் பூட்டு சரியில்லை’ என்று சண்டை போட்ட கதை கேட்டிருக்கிறீர்களா? பிரஸ்காரர் அதைத்தான் செய்தார். அவருக்கு அப்போது அது தெரியாது. இடுப்பில் வேட்டியை இறுக்கிக்கொண்டு, நியாயம் கேட்கத்தான் போனார்.

தையல் வகுப்பு மாடியில் இருந்தது. ஆறு மிஷின்கள், ஜன்னலோரம் ஒரு பெரிய வெட்டு மேசை, தரையெல்லாம் துணிநறுக்கு. ஐம்பது வயது மதிக்கத்தக்க டீச்சர், இடது கையில் கத்தரியோடு நின்றிருந்தார். இவர் புகார் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, புத்தகத்துக்காகக் கையை நீட்டினார், இடது கையை.

“சோத்துக்கையை நீட்டுங்கம்மா,” என்று புத்தகத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்தார் பிரஸ்காரர்.

டீச்சர் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சுண்ணக்கட்டியை எடுத்தார்.

“எத்தனை பிரதி போட்டீங்க?”

“அஞ்சாயிரம்!”

“வித்தது?”

“மூவாயிரத்து நானூறு. ஏழே மாசத்துல! வேற எவனாவது வித்திருப்பானா?”

“என்ன விலை?”

“நாற்பது.”

“பின்னட்டையில இருக்கிறது?”

“நானேதான்,” என்று நிமிர்ந்தார்.

டீச்சர் ஒவ்வொன்றையும் வெட்டு மேசையில் சுண்ணத்தால் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். “நல்லதுங்க. ஒரு சாட்சி பாக்கியில்லாம எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க. இது நான் எழுதின புத்தகம். என்கிட்ட படிச்ச ஆறு இடக்கைப் பிள்ளைங்களுக்காக எழுதினது. உங்ககிட்ட பைண்டிங்குக்குக் குடுத்த பொண்ணும் அதுல ஒருத்தி. வலக்கைக்காரங்களுக்குன்னு போட்ட படத்தைப் பாத்து வெட்டினா அந்தப் பிள்ளைங்களுக்குக் கத்தரி படியாது. அதனால எல்லாப் படத்தையும் திருப்பிப் போட்டேன். துணியையும் உள்பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சு வெட்டணும், அப்பத்தான் சட்டை சரியா வரும்னு முதல் தாள்லயே கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன். என் பேரும் அதுலதான் இருந்துச்சு. அந்தத் தாள் எங்கே?”

பிரஸ்காரர் வாய் சும்மா இருக்குமா?

“அப்போ இனிமே எவனும் சட்டை வெட்டணும்னா உங்ககிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமாக்கும்?”

“சட்டை எல்லாருக்கும் பொது. வெட்டுற முறையும் பொது. நீங்களே உக்காந்து, உங்க வார்த்தையில, உங்க கையால கோடு போட்டு ஒரு புத்தகம் எழுதுங்க, நானே காசு குடுத்து வாங்கறேன். ஆனா இந்தக் கோடு என்னுது. இந்த வரி என்னுது. ரெண்டு வருஷம் கண்ணு வீங்க எழுதினது.”

பிரஸ்காரர் விடுவிடுவென்று இறங்கி, நேரே வக்கீலிடம் போனார். வக்கீலுக்குக் கடிதத்தாள் அச்சடித்துக் கொடுப்பவர் அவர்தான், அந்த உரிமை. கதையைத் தனக்குச் சாதகமாகச் சொன்னார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, கேஸ் போட வந்தீங்களா, மாட்டிக்க வந்தீங்களா?”

“நோட்டு என் கடையில எட்டு மாசம் கிடந்தது சார். பலகையே மாட்டியிருக்கேன்.”

“நோட்டு கிடந்துச்சு. உரிமை கிடக்கலையே. ஒரு புத்தகத்தை நீங்க காசு குடுத்தே வாங்கினாலும் அந்த ஒரு பிரதிதான் உங்களுது. படிக்கலாம், யாருக்காவது குடுக்கலாம், பழசா விக்கலாம். நகலெடுத்து வியாபாரம் பண்ற உரிமை எழுதினவங்களோடதான் இருக்கும். அதுக்குப் பேருதான் பதிப்புரிமை.”

“அந்தம்மா எங்கேயும் பதிவு பண்ணலையே! முத்திரை இல்ல, பேரு இல்ல.”

“பதிவு பண்ணினா சாட்சிக்கு நல்லது, அவ்வளவுதான். குழந்தை பொறந்ததும் அம்மாவுக்குத்தானே சொந்தம்? சான்றிதழ் வந்தாத்தான் அம்மாவா? அந்த மாதிரி, சொந்தமா எழுதி, வரைஞ்சு தாள்ல இறக்கின நிமிஷமே உரிமை வந்துடும். மனசுல இருக்கிற யோசனைக்குக் கிடையாது. தாள்ல இறங்கின உருவத்துக்கு உண்டு. பாட்டு, படம், கதை, உங்க தையல் கோடு, எல்லாத்துக்கும்.”

“அப்போ யாரும் எதையும் தொடவே கூடாதா? இது என்ன அநியாயம்?”

“தொடலாம். ரெண்டு வரி எடுத்துக்காட்டலாம், நல்லாருக்கு நல்லால்லைன்னு எழுதலாம், பாடம் நடத்தக் கொஞ்சம் எடுத்துக்கலாம். அதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கு. முழுசா அடிச்சு, பின்னாடி தன் படத்தையும் போட்டு விக்கிறதுக்கு எந்த ஊர் சட்டத்துலயும் இடம் இல்ல.”

பிரஸ்காரர் நெஞ்சில் ஒரு பழைய முள் உண்டு. பத்தொன்பது வயதில், வேலை பார்த்த அச்சகத்தில், அழைப்பிதழுக்காக ஒரு கொடி பார்டர் வரைந்தார். முதலாளி அதைப் பல வருடம் ஓட்டிக் காசு பார்த்தார். இவர் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. அதைச் சொல்லி, “அப்போ அந்த பார்டர் என்னுதுதானே?” என்று ஆவலாகக் கேட்டார்.

“சம்பளத்துக்குச் செஞ்ச வேலைண்ணே. தனியா பேசி எழுதி வைக்கலைன்னா அது பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும்.”

“அதுவும் போச்சா!”

“அது போச்சு. ஆனா அந்த வலி இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்தச் சட்டம். பாடுபட்டவன் தட்டுல சோறு விழுந்தாத்தான் அடுத்த புத்தகத்தை எழுதுவான். எழுதினாத்தான் ஊரு படிக்கும். உரிமையும் என்னைக்குமே இருக்காது. எழுதினவங்க ஆயுசுக்கும், அதுக்கப்புறம் இத்தனை வருஷம்னும் கணக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அது முடிஞ்சா ஊருக்கே பொது. அப்போ உங்க பேரன் தாராளமா அடிச்சுக்கலாம்.”

“நான் இப்போ என்ன பண்றது?”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. “அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா விற்பனையை நிறுத்துவாங்க. மிச்சப் பிரதி போகும், பிளேட் போகும். வந்த லாபத்தையும் கேப்பாங்க. அந்த லாபம் எங்கே?”

லாபம், அறையின் நடுவில், ஒரே அமுக்கில் ஐந்நூறு தாள் வெட்டிக்கொண்டு நின்றது. கட்டர் போனால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தவணை இல்லை. தவணை நின்றால் மிஷினையும் தூக்கிக்கொண்டு போவார்கள். தரை கூட்டிச் சேர்த்த வாழ்க்கை, ஒரு தாள் தொலைந்ததில் அந்தரத்தில் தொங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வது என்பது அவருக்கு மிஷின் தூக்குவதைவிடப் பாரமான வேலை. மனைவி திட்டவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அதில் ஒன்றைத் தனியே எடுத்து மடித்துக்கொண்டார்.

“நாளைக்கு நானும் வரேன். பேச்சை நான் பாத்துக்கறேன். நீங்க வாயைத் திறந்தா கடன் கூடும்.”

மறுநாள் மாடி ஏறினார்கள். பிரஸ்காரர் வாசலிலேயே நின்றார். மேசையில் முந்தைய நாள் சுண்ணக்கணக்கு அழியாமல் இருந்தது. துணி வெட்டும்போதுகூட டீச்சர் அதன்மேல் துணி விரிக்கவில்லை போலும்.

“டீச்சரம்மா,” என்றார் மனைவி. “இவர் செஞ்சது தப்பு. இல்லைன்னு சொல்ல வரல. இதை மட்டும் படிச்சுடுங்க. உங்களுக்கு வந்த கடிதம், தப்பான விலாசத்துக்கு வந்துடுச்சு.”

எங்கோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நான் இடது கைக்காரி. மூன்று இடத்தில் தையல் கற்கப் போய், உனக்கு வராது என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் புத்தகத்தைப் பார்த்து வெட்டியபோதுதான் முதல்முறையாகக் கத்தரி என் சொல் கேட்டது. பை மட்டும் பக்கம் மாறி விழுந்தது, நானே மாற்றிக்கொண்டேன். இப்போது அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறேன். எழுதியவர் நன்றாக இருக்க வேண்டும்.’

டீச்சர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“ஆறு பேருக்கு எழுதினேன்,” என்றார் மெல்ல. “வெளியில இப்படி இருக்காங்கன்னு நினைக்கவே இல்ல.”

பிரஸ்காரர் வாய் திறந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டார்.

டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். “கோர்ட்டுக்குப் போனா உங்க மிஷின் போகும், என் புத்தகமும் எங்கேயாவது மூட்டையில கிடந்து மக்கும். நான் எழுதினது மக்கறதுக்கு இல்ல. அதனால ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வித்த ஒவ்வொரு பிரதிக்கும் நாற்பதுல நாலு எனக்கு வரணும். மூவாயிரத்து நானூறுக்குப் பதிமூவாயிரத்து அறுநூறு. ஒரேயடியா வேண்டாம், மாசம் எண்ணூறு குடுங்க. மிச்சம் இருக்கிற ஆயிரத்து அறுநூறுலயும், நான் மறுபடி எழுதித் தர்ற முதல் தாளை அச்சடிச்சு ஒட்டுங்க. அது விக்க விக்க எனக்குச் சேர வேண்டியது சேரணும். வலக்கைக்காரங்களுக்கு நான் வேற புத்தகம் எழுதித் தரேன். எல்லாம் கையெழுத்துப் போட்டு எழுத்துல இருக்கணும்.”

“சரிங்கம்மா.”

“இன்னொண்ணு. பின்னட்டையில உங்க முகத்து மேல ஒரு தாள் ஒட்டி, அதுல என் பேரு இருக்கணும்.”

பதிமூவாயிரத்து அறுநூறுக்கு அசையாத மனிதர் இதற்கு ஆடிப்போனார். “படம் நல்லா விழுந்திருக்கேம்மா,” என்றார் ஈனக்குரலில். டீச்சரும் மனைவியும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

வக்கீல் ஒப்பந்தம் எழுதினார். எத்தனை பிரதி, எத்தனை பதிப்பு, எவ்வளவு பங்கு, உரிமை யாருடையது என்று எல்லாம் அதில் இருந்தது. உரிமை டீச்சருடையதே, அச்சிட்டு விற்க மட்டும் இவருக்கு அனுமதி. பதினோரு நாள், மனைவியும் அந்தக் கைக்குழந்தைப் பெண்ணும் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு பிரதிகளிலும் முதல் தாளை ஒட்டினார்கள். ஒவ்வொரு பின்னட்டையிலும் தன் முகத்தைத் தானே கோந்து தடவி மூடினார் பிரஸ்காரர். அதிலும் பெருமை விடவில்லை: ஆயிரத்து அறுநூறில் ஒன்றுகூடக் கோணலாக ஒட்டவில்லை. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

சட்டைக்காரர் மூவருக்கும் துணிக்காசு போய்ச் சேர்ந்தது. ‘இடது கைக்காரர்களுக்கு’ என்று முதல் தாளோடு போன புத்தகம் ஐந்தே மாதத்தில் தீர்ந்தது. டீச்சர் எழுதிக் கொடுத்த வலக்கைப் புத்தகம் அதைவிட ஓடியது. மாதம் எண்ணூறு பழைய கடனுக்கு. புதுப்புத்தகங்களின் பங்கு தனி உறையில். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பதினான்காம் மாதம் வேடிக்கை நடந்தது. வேறோர் அச்சகக்காரர் வலக்கைப் புத்தகத்தை அப்படியே அடித்துக் கடையில் போட்டுவிட்டார். பிரஸ்காரர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு டீச்சரோடு அங்கே போனார்.

“நான் வாங்கின பேப்பர், என் மிஷின், இதுல உனக்கென்ன வந்துச்சு?” என்றார் அந்த ஆள்.

பிரஸ்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டு வேறு உரிமை வேறு என்பதில் தொடங்கி, குழந்தையும் சான்றிதழும் வரை ஒரு மணி நேரம் விளக்கினார். ஐந்தாம் வகுப்புப் படித்தவர் சட்டம் சொன்ன அழகில் அந்த ஆள் அன்றைக்கே பிரதிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பேச்சைத் தாங்க முடியாமல்தான் கொடுத்தார் என்று மனைவி சொல்வதை நம்ப வேண்டாம்.

திரும்பும் வழியில் பிரஸ்காரர் சொன்னார்: “டீச்சரம்மா, அன்னைக்கு என் மிஷினைப் பிடுங்கப் பாத்த சட்டம்னு நினைச்சேன். இன்னைக்கு என் வாசல்ல காவலுக்கு நிக்குது.”

“அது அன்னைக்கும் அங்கதான் நின்னுச்சு,” என்றார் டீச்சர்.

பதினேழாம் மாதம், கடைசித் தவணை. பிரஸ்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். வலப்பக்கம் பை வைத்த அதே சட்டை. அதைத்தான் போடுவேன் என்று பிடிவாதம். வெட்டு மேசையின் ஓரத்தில் மாதத்துக்கு ஒன்றாகச் சுண்ணத்தில் பதினாறு கோடுகள் இருந்தன.

“டீச்சரம்மா, கையை நீட்டுங்க.”

டீச்சர் வலது கையை நீட்டினார். அன்று புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டவரிடம் இத்தனை மாதமும் அப்படித்தான் வாங்கியிருந்தார்.

“அது இல்லம்மா. எழுதின கை.”

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி விரித்தார். சுண்ணப்பொடி படிந்த உள்ளங்கை. கட்டைவிரல் அடியில் கத்தரி அழுத்திக் காய்த்த தடம். பிரஸ்காரர் வலப்பக்கப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தார்.

“நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு. ஐந்நூறு. அறுநூறு. எழுநூறு.” கடைசி நோட்டை இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். “எண்ணூறு.”